எந்த ஹெர்னியா என்று கேளுங்கள்

50 வயதைத் தாண்டிய, உடம்பு ஒல்லியான பெண்கள் இதைப் படித்தால் பாதியில் விட்டுவிடாமல் கடைசிவரை படித்துவிடுங்கள். உள்ளே இருக்க வேண்டிய குடலோ கொழுப்போ ஒரு பலவீனமான இடம் வழியாகப் பிதுங்குவதுதான் ஹெர்னியா, குடலிறக்கம் என்றும் சொல்வார்கள். போன வருடம் எனக்கு வந்தது தொடை ஹெர்னியா. டாக்டர்கள் ஃபீமோரல் ஹெர்னியா என்பார்கள். அது சிக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஐ.சி.யூ.வில் கிடந்து, கையிலிருந்த சேமிப்பையெல்லாம் கொடுத்துத்தான் வீட்டுக்கு வந்தேன். இத்தனைக்கும் அந்தக் கட்டி ஒரே ராத்திரியில் வந்ததில்லை. மாதக்கணக்காக என் உடம்பில் இருந்தது. டாக்டர்களிடம் காட்டினேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் பதில் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்னது வேறொரு வகை ஹெர்னியாவுக்கான பதில். அந்த வித்தியாசத்தை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் என் குடல் தப்பியிருக்கும்.

நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவர் காலமாகிவிட்டார், மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் குளிக்கும்போது வலது தொடை இடுக்கில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு இருக்கும். வலி இல்லை. தொட்டால் லேசாக உறுத்தும், அவ்வளவுதான். தெருமுனையில் இருக்கும் கிளினிக்கில் காட்டினேன். பெஞ்சில் படுக்கச் சொல்லி, சேலைக்கு மேலேயே ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கும்மா. கால்ல எங்கயாவது அடிபட்டுச்சா?" என்றார். குதிகாலில் வெடிப்பு இருந்தது. அதுதான் காரணம் என்று ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான்.

மாத்திரை தீர்ந்தும் கட்டி அப்படியே இருந்தது. வேறு மாத்திரை தந்தார்கள். அப்புறம் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். இடம் அப்படிப்பட்டது, ஆண் டாக்டரிடம் மறுபடியும் காட்டக் கூச்சமாக இருந்தது. அவர் மகப்பேறு மருத்துவர். கர்ப்பப்பையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். தொடை இடுக்குக்குத் தனியாக ஒரு ஸ்கேன் எழுதினார். ஸ்கேன் சென்டரில் படுத்த நிலையில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, நெறிக்கட்டி போலத் தெரிகிறது என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். நெறி என்று ரிப்போர்ட்டே சொல்லிவிட்ட பிறகு யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் நான் பின்னால் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஹெர்னியாவை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். நின்றால், இருமினால், முக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி உள்ளே இருப்பது வெளியே பிதுங்கும். படுத்தால் பல ஹெர்னியாக்கள் உள்ளே போய்விடும். ஸ்கேன் எடுக்கும்போதும் முக்கச் சொல்லியோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதச் சொல்லியோ, முடிந்தால் நிற்க வைத்தோ எடுக்க வேண்டும். எனக்கு இது எதுவும் நடக்கவில்லை. தொடை ஹெர்னியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது வெளியே வரும் வாய் மிகக் குறுகலானது. அதனால் பல பேருக்குப் படுத்தாலும் உள்ளே போகாது, இருமினாலும் துள்ளாது. பார்க்கிறவருக்கு அது நெறிக்கட்டியாகவே தெரியும். ஆகவே தொடை இடுக்கில் ஒரு கட்டி இரண்டு மூன்று வாரம் தாண்டியும் கரையவில்லை என்றால், மாத்திரையை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்காமல் நேராக ஒரு ஜெனரல் சர்ஜனிடம் போங்கள். மகப்பேறு மருத்துவரோ தோல் மருத்துவரோ இதற்கு ஆள் இல்லை. ஆண் சர்ஜன் என்றால் ஒரு நர்ஸம்மா உடன் இருக்க வேண்டும் என்று கேளுங்கள், தாராளமாகக் கேட்கலாம். "நிற்க வைத்துப் பாருங்கள், இருமுகிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கட்டி கொஞ்சம் பெரிதான மாதிரி தோன்றியதும் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். அவர்தான் முதன்முதலாக "ஹெர்னியாவாக்கூட இருக்கலாம், சின்னதுதான், அவசரமில்லை, எப்ப வசதியோ அப்ப ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்றார். எந்த ஹெர்னியா என்று அவரும் சொல்லவில்லை, கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். "ஹெர்னியா ஆம்பளைங்களுக்குத்தானம்மா வரும்" என்று முதலில் ஆச்சரியப்பட்டார். பிறகு, "எனக்குப் பத்து வருஷமா இருக்கு, பெல்ட் போட்டுக்கிட்டு வயலுக்குப் போய்க்கிட்டுதான் இருக்கேன், பயப்படாதே" என்று தைரியம் சொன்னார். அலுவலகத்தில் ஒரு அண்ணனும் அதையேதான் சொன்னார். அவருக்கும் வருடக்கணக்காக இருக்கிறதாம். இத்தனை பேர் இத்தனை வருடம் ஹெர்னியாவோடு நடமாடுகிறார்கள், நமக்கும் மகன் தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன்.

சித்தப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு இருப்பது கவட்டை ஹெர்னியா, அதாவது இன்குவைனல் ஹெர்னியா. வயிற்றுச் சுவரில் வரும் ஹெர்னியாக்களில் நான்கில் மூன்று பங்கு இதுதான். ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரும் என்றும், பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கு வரும் என்றும் மருத்துவப் புத்தகங்களில் கணக்கு இருக்கிறது. ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பாதை வழியாகக் கீழே இறங்குகின்றன. அந்தப் பாதை சரியாக மூடாமல் இருந்தால் பின்னாளில் அதே வழியாகக் குடலோ கொழுப்போ இறங்கும், சிலருக்கு விதைப்பை வரைக்கும் போய்விடும். இது ஒரு வகை. வயதாக ஆகத் தசைச் சுவர் நைந்து, அந்த இடமே மொத்தமாகப் பிதுங்குவது இன்னொரு வகை. நாள்பட்ட இருமல், பீடி சிகரெட், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முக்குவது எல்லாம் இதைக் கூட்டும். இந்தக் கவட்டை ஹெர்னியாவில் தொந்தரவு இல்லாத ஆண்கள் டாக்டர் கண்காணிப்பில் காத்திருக்கலாமா என்று வட அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து ஆராய்ந்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. காத்திருப்பது பாதுகாப்பானதுதான், குடல் நெரிபடுவது, அதாவது மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவது, ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு ஒரு வருடத்தில் நடக்கக்கூடிய அபூர்வம் என்று தெரிந்தது. ஆக, "அவசரமில்லை" என்ற பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது ஆண்களுக்கான, கவட்டை ஹெர்னியாவுக்கான ஆதாரம். அந்த ஆராய்ச்சியில் ஒரு பெண்கூடக் கிடையாது.

எனக்கு இருந்தது அதற்கு ஓரிரு அங்குலம் கீழே. தொடையும் வயிறும் சேரும் இடத்தில் ஒரு மடிப்புக் கோடு இருக்கிறதல்லவா, பொதுவாகக் கவட்டை ஹெர்னியா அதற்கு மேலே தெரியும், தொடை ஹெர்னியா அதற்குக் கீழே தெரியும். காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது, அதன் வழியாக இது வருகிறது. அந்தச் சந்தைச் சுற்றி எலும்பும் கெட்டியான நாரும்தான். விரிந்து கொடுக்கவே கொடுக்காது. உள்ளே நுழைந்த குடல் கொஞ்சம் வீங்கினால் போதும், மாட்டிக்கொள்ளும். 1991-ல் பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வின் கணக்கைப் பிறகு படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. கவட்டை ஹெர்னியா தொடங்கி 3 மாதத்தில் நெரிபடும் வாய்ப்பு நூற்றுக்கு 2.8, இரண்டு வருடத்தில் 4.5. தொடை ஹெர்னியாவுக்கோ 3 மாதத்திலேயே நூற்றுக்கு 22, 21 மாதத்தில் 45. ஏறக்குறைய இரண்டில் ஒருவர். அதுவும் இது ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வயதான, ஒல்லியான, பிள்ளை பெற்ற பெண்களுக்கு. 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் பெண்களுக்குத் தொடை இடுக்கில் ஹெர்னியா வந்தால் காத்திருக்கச் சொல்லாமல் சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்துவிடச் சொல்கிறது. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது பெண்களில் வெளியிலிருந்து பார்த்துச் சொல்வதுகூடக் கஷ்டம் என்பதும் அதற்கு ஒரு காரணம். பெல்ட் இதற்கு ஒரு பயனும் தராது. வாங்கிப் பணத்தை விரயம் செய்யாதீர்கள்.

அந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. சாயங்காலம் வயிற்றைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கிற மாதிரி வலி ஆரம்பித்தது. மதியம் வெளியில் சாப்பிட்டிருந்தேன், அதுதான் என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். வாந்தி. மறுபடி வாந்தி. ஒன்பது மணிக்கு மேல் தாங்க முடியாமல் பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்பி ஆட்டோவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். ஃபுட் பாய்சன் என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றி, வாந்திக்கு ஒரு ஊசி, வலிக்கு ஒரு ஊசி போட்டார்கள். வலி கொஞ்சம் அடங்கியது. விடியும்வரை அப்படியே கிடந்தேன். வயிறு உப்பிக்கொண்டே வந்தது. காற்றுப் பிரியவில்லை. வாந்தி மஞ்சளும் பச்சையுமாக மாறியது. தனியாகக் கிடக்கிற பயம் ஒன்று உண்டு. மகனுக்குப் போன் செய்தால் பதறிக்கொண்டு ராத்திரியில் வண்டியை எடுத்துக் கிளம்பிவிடுவான், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று செய்யாமல் இருந்தேன். அந்த நேரமெல்லாம் தொடை இடுக்கு கல் மாதிரி கெட்டியாகி, தொட முடியாத அளவுக்கு வலித்துக்கொண்டிருந்தது. வயிற்று வலியையும் அதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அங்கே இருந்த யாரும் கேட்கவும் இல்லை.

காலையில் ட்யூட்டி மாறி வந்த ஒரு இளம் பெண் டாக்டர்தான் போர்வையை விலக்கி, "அம்மா, தொடை இடுக்குல எங்கயாவது கட்டி இருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. தொட்டுப் பார்த்த உடனே அவர் முகம் மாறியது. சி.டி. ஸ்கேன் எடுத்து, மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டு, சர்ஜனை வரவழைத்து, மதியத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மகன் வந்து சேர்வதற்குள் பக்கத்து வீட்டுத் தம்பிதான் கையெழுத்துப் போட்டார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஹெர்னியா இருக்கிறவர்களுக்குக் கட்டி திடீரென்று கெட்டியாகி வலித்தால், எப்போதும் உள்ளே போவது போகாமல் நின்றுவிட்டால், தோல் சிவந்தால், வாந்தி வந்தால், வயிறு உப்பிக் காற்றும் மலமும் நின்றுபோனால், அது சில மணி நேரத்தில் முடிவு தெரிகிற அவசரம். 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்கவே கூடாது. அழுகிய குடலை உள்ளே தள்ளிவிட்டால் இன்னும் மோசமாகும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறேன் என்று யாராவது வந்தாலும் விடாதீர்கள். அவசரப் பிரிவுக்குள் போனதும் வயிற்று வலி என்று மட்டும் சொல்லாமல், "எனக்கு இந்த இடத்தில் கட்டி இருக்கிறது, அதைப் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வயதான அம்மாக்கள் வாந்தி, வயிற்று வலி என்று கிடந்தால், பிள்ளைகளே, நீங்கள் டாக்டரிடம் தொடை இடுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். தொடை ஹெர்னியாவில் சில சமயம் குடலின் ஒரு பக்கச் சுவர் மட்டும் மாட்டிக்கொள்ளும், அதை ரிக்டர் ஹெர்னியா என்கிறார்கள். அப்போது குடல் முழுவதும் அடைபடாது, மலம் போய்க்கொண்டுதான் இருக்கும், உள்ளே அந்தத் துண்டு அழுகிக்கொண்டிருக்கும். "மோஷன் போகுதுல்ல, அப்ப ஒண்ணும் இல்ல" என்று விட்டுவிட முடியாது.

எனக்குக் குடல் கறுத்துப்போயிருந்ததாம். அந்தத் துண்டை வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து, ஹெர்னியா வந்த வாயை நூலால் தைத்து மூடினார்கள். பொதுவாக ஹெர்னியாவுக்கு உள்ளே பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வலை ஒன்று வைப்பார்கள், மறுபடி வராமல் இருக்க. குடல் அழுகியிருந்தால் கிருமி வலையைப் பற்றிக்கொள்ளும் என்பதால் எனக்கு வலை வைக்கவில்லை. முன்னாலேயே திட்டமிட்டுச் செய்திருந்தால் லேப்ராஸ்கோப்பியில் சின்னச் சின்னத் துளை போட்டு வலை வைத்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று சர்ஜன் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அவர் இன்னொன்றும் சொன்னார். பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பியில் ஒரு நன்மை, உள்ளிருந்து பார்க்கும்போது கவட்டை வாய், தொடை வாய் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும், ஒரே வலையால் எல்லாவற்றையும் மூடிவிடலாம். வெளியிலிருந்து திறந்து கவட்டை ஹெர்னியா என்று நினைத்து மேலே மட்டும் தைத்துவிட்டால், கீழே இருக்கும் தொடை ஹெர்னியா கண்ணுக்குப் படாமலே போய்விடக்கூடும். யாருக்காவது ஆபரேஷன் நாள் குறித்திருந்தால், "தொடைப் பக்கமும் பார்ப்பீர்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்டுக்கு மாற்றிய பிறகுதான் ஹெர்னியா எத்தனை விதம் என்று கண்ணால் பார்த்தேன். என் பக்கத்துப் படுக்கையில் வத்தலக்குண்டுப் பக்கத்து அக்கா ஒருவர். கர்ப்பப்பை எடுத்த தழும்பு வழியாக வயிறு பெரிதாகப் பிதுங்கியிருந்தது. அது தழும்பு ஹெர்னியா. வயிற்றைத் திறந்து செய்த எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் வரலாம், புண்ணில் சீழ் பிடித்தவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் அதிகம். அவருக்குப் பல வருடமாக இருந்ததை "ஆபரேஷன் பண்ணின வயிறு அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லியே ஓட்டியிருக்கிறார்கள். எதிர்ப் படுக்கையில் தொப்புள் ஹெர்னியாவோடு ஒரு தங்கை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்ததாம். பெரியவர்களுக்கு வரும் தொப்புள் ஹெர்னியா தானாக மூடாது, வாய் சிறியதாக இருந்தால் சிக்கிக்கொள்ளவும் செய்யும். கைக்குழந்தைக்கு வருவது வேறு. அழும்போது தொப்புள் உப்பிக்கொண்டு வருமே, அதில் பெரும்பாலானவை 4, 5 வயதுக்குள் தானாக மூடிவிடும். அந்தத் தங்கையின் மாமியார் பேரனுக்கு ஒரு ரூபாய்க் காசை வைத்துத் துணியால் கட்டியிருந்ததைச் சொன்னார். நம் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அதனால் சீக்கிரம் மூடுவதில்லை, தோல்தான் புண்ணாகும், கட்டாதீர்கள். ஆனால் இதே குழந்தைக்குக் கவட்டையில் வீக்கம் வந்தால் அது தானாக மூடாது. உடனே குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தை சின்னதாக இருக்க இருக்கக் குடல் நெரிபடும் ஆபத்து கூடுதல்.

நெஞ்செலும்புக்கும் தொப்புளுக்கும் நடுவில் சின்ன உருண்டையாக வருவது மேல்வயிற்று ஹெர்னியா. பெரும்பாலும் கொழுப்புதான் வெளியே வந்திருக்கும். அப்புறம் ஹயாடஸ் ஹெர்னியா என்று ஒன்று. என்னைப் பார்க்க வந்த தோழி, "எனக்கும் எண்டோஸ்கோப்பியில ஹெர்னியான்னு போட்டிருக்காங்க, எனக்கும் இப்படி ஆயிடுமா?" என்று கலங்கிப்போய்க் கேட்டார். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் துளை தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறுவது. வெளியே கட்டி எதுவும் தெரியாது, நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும்தான் வரும். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை, ராத்திரிச் சாப்பாட்டை முன்னாலேயே முடிப்பது, எடை குறைப்பது, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பது போதும். ரிப்போர்ட்டில் ஹெர்னியா என்ற எழுத்தைப் பார்த்தே பயந்துபோகவும் வேண்டாம், என்னைப் போல நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். எந்த இடம், எவ்வளவு பெரிய வாய், உள்ளே இருப்பது குடலா கொழுப்பா, படுத்தால் உள்ளே போகிறதா, எவ்வளவு நாளைக்குள் ஆபரேஷன் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனிப் பணம். மொத்தம் ஏறக்குறைய 2,40,000 ரூபாய் ஆனது. ஐ.சி.யூ. வாடகையும் மருந்தும்தான் அதில் பாதிக்கு மேல். முந்தைய வருடம்தான் ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தேன், அதை நம்பித்தான் தனியார் மருத்துவமனையில் தைரியமாக இருந்தேன். ஆனால் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். பாலிசியில் ஹெர்னியாவுக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் என்று போட்டிருக்கிறதாம். விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. அவசர நிலையில் வந்தது, குடல் அழுகி உயிருக்கு ஆபத்தாக இருந்தது என்று எழுதிப் பார்த்தேன், பலன் இல்லை. இது பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும் விதி. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியிலும் எல்லா வகை ஹெர்னியாவுக்கும் 24 மாதம்தான். ஹெர்னியா, கண்புரை, மூலம், பித்தப்பைக் கல் எல்லாம் அந்தப் பட்டியலில் ஒன்றாக இருக்கும். உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதாக இருந்தால், பழையதைக் காலாவதியாக விட்டுவிட்டுப் புதிதாக எடுக்காதீர்கள். போர்ட் செய்து மாறினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். மறுத்தது நியாயமில்லை என்று தோன்றினால் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, அங்கும் நடக்கவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். என் சம்பளத்துக்கு அது கிடைக்காது. அட்டை இருக்கிறவர்கள் அட்மிட் ஆகும்போதே காட்டி, எந்தச் சிகிச்சை அதில் வரும் என்று கேட்டுவிடுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. ஹெர்னியா ஆபரேஷன் அங்கெல்லாம் அன்றாடம் நடக்கிற ஒன்று. கட்டி சின்னதாக இருக்கும்போதே சர்ஜரி ஓ.பி.யில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றிருந்தால் எனக்கு இந்தச் செலவு வந்திருக்காது. பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் செலவு பல மடங்கு ஆகும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்க வேண்டாம் என்றார்கள். தனியாக இருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை யார் மாற்றுவது, மாடியில் துணி காயப்போடுவது யார் என்று ஆள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் சில வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். இருமல் வந்தால் தையல் மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறைகிறது, இதை நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். மலச்சிக்கல் வந்துவிடக் கூடாது என்று இசப்கோல் குடித்தேன். தையலைச் சுற்றி மரத்துப்போன மாதிரி இன்னமும் இருக்கிறது. வலை வைக்காததால் மறுபடி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று சொல்லியிருக்கிறார்கள். இடது பக்கத்தையும் நிற்க வைத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று, அங்கே எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் முதலில் "ஹெர்னியா" என்று மட்டும் போட்டிருந்தார்கள். வலது பக்கத் தொடை ஹெர்னியா, நெரிபட்ட நிலை, குடல் எவ்வளவு நீளம் எடுக்கப்பட்டது, வலை வைக்கவில்லை என்று தெளிவாகத் திருத்தி எழுதி வாங்கி, அதன் போட்டோவை மகனின் போனிலும் பக்கத்து வீட்டுத் தம்பியின் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.